பெருமாள் பட்டன் அழுத்துவாரோ?

வயதானவர்கள் எல்லோரும் பக்திப் புத்தகம்தான் படிக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். மீதிப் பேருக்குக் கண் தெரிவதில்லை.

போன மாசியில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் பெண், "பாட்டி, இனிமே நல்லாப் படிக்கலாம். முதல்ல என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"மின்மார்பன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் பிள்ளை (அவனுக்கே அறுபது தாண்டியாச்சு) அவசரமாக, "பிரபந்தம்னு சொல்றா டாக்டர்" என்று திருத்தினான்.

"பிரபந்தமும் இல்லை, ஒண்ணும் இல்லை. மின்மார்பன்தான். பொம்மைக் கதை" என்று உரக்கச் சொன்னேன். வெளியே பெஞ்சில் பச்சைத் துணியால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் மிச்சமிருந்த கண்ணால் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. இந்தக் கதைக்காக நான் ஒரு முறை ஸ்ரீரங்கத்தையே எதிர்த்து நின்றவள். ஆஸ்பத்திரி பெஞ்சுக்கா பயப்படுவேன்?

மின்மார்பனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அது உங்கள் துரதிர்ஷ்டம். நான் பாவாடை சட்டைப் பருவத்தில் இருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் அவன் வந்துகொண்டிருந்தான். கதை நடக்கிற காலம் இரண்டாயிரமாவது வருஷம். ஊர் நவபுரி. அங்கே தெருவே நகரும், மனிதர்கள் சும்மா நின்றால் போதும். சமையல் கிடையாது, வேளைக்கு ஒரு மாத்திரை. (அந்த மாத்திரையில் குழம்பு, ரசம், மோர் எல்லாம் வரிசையாக வருமா, அல்லது கலந்துகட்டியாக வருமா என்று நான் நாள்கணக்கில் யோசித்திருக்கிறேன்.) மின்மார்பனின் மார்பில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் அடியில் ஒரு பட்டன். அழுத்தினால் ஒளி பாயும், இரும்பு உருகும், இவன் மேலே கிளம்பிவிடுவான். நகரத்தை அழிப்பதற்காக வாராவாரம் புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பவன் டாக்டர் நிசாசரன். இத்தனை விஞ்ஞானத்துக்கும் நடுவில், ராக்கெட் நிற்கிற படத்தின் ஓரத்தில் ஒரு மாட்டு வண்டியும் நிற்கும். ஓவியருக்குக் கை பழக்கம்.

எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவள் விமானி மோகனா. கொண்டை நிறைய மல்லிகைப்பூவோடு ராக்கெட் ஓட்டுவாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் "பொண்ணுக்கு இது போதும்" என்று என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அழுது பார்த்தேன், நடக்கவில்லை. ஊரில் எந்தப் பெண்ணும் சைக்கிள்கூட ஓட்டாத நாளில் ஒருத்தி ராக்கெட் ஓட்டுகிறாள் என்றால், அவள் படத்தில் இருந்தால் என்ன, நேரில் இருந்தால் என்ன? எனக்கு அவள் வேண்டியிருந்தாள்.

அப்போது நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பட்டறை ஆபீஸில் குமாஸ்தா. பத்திரிகை வந்ததும் அம்மா முதலில் எடுத்துக்கொள்வாள். அதே பத்திரிகையில் அவளுக்கு ஒரு பக்தித் தொடர் வந்துகொண்டிருந்தது. கனகவல்லி என்று ஒரு பக்தை, தினமும் பரிசலில் கொள்ளிடத்தைக் கடந்து ரங்கநாதருக்குப் பூமாலை கொண்டுபோய்க் கொடுப்பவள். வாராவாரம் அவளுக்கு ஒரு கஷ்டம் வரும், அம்மா ஒரு மூச்சு அழுவாள். அந்தக் காலத்தில் தொடர்கதை வந்தால் பக்கங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்து, முடிந்ததும் பைண்டு பண்ணிக்கொள்வது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அம்மா கனகவல்லியைக் கத்தரித்தாள். நான் மின்மார்பனைக் கத்தரித்தேன். இரண்டும் வேறு வேறு தாளில் வந்தவரைக்கும் வீட்டில் சமாதானமாக இருந்தது.

ஒரு வாரம் வந்தது வினை. கொள்ளிடத்தில் வெள்ளம், கனகவல்லியின் பரிசல் சுழலில் மாட்டிக்கொண்டது. அவள் "ரங்கா!" என்று கூப்பிடுவதோடு ஒரு பக்கம் முடிகிறது. அவள் பிழைத்தாளா என்பது அடுத்த தாளில். அந்தத் தாளின் மறுபக்கத்தில் யார் என்கிறீர்கள்? மின்மார்பன். வெறும் மின்மார்பன் இல்லை. வருஷக்கணக்கில் காத்திருந்த கடைசிச் சண்டை. நிசாசரன் கடலைப் பொங்க வைத்து நவபுரியை மூழ்கடிக்கிறான், மோகனாவின் ராக்கெட் அலையில் விழுகிறது, மின்மார்பன் ஒற்றைக் கையால் அதைத் தூக்குகிறான்!

தாள் ஒன்று, உரிமைக்காரர்கள் இரண்டு பேர். நான் எடுத்துக்கொண்டேன். அம்மா அந்த அத்தியாயத்தை ஏற்கெனவே படித்து அழுதும் முடித்திருந்தாள், இனி அவளுக்கு அது எதற்கு? பைண்டரிடம் கொடுப்பதற்குப் பக்கங்களை அடுக்குகிற வேலையை அம்மா என்னிடம்தான் விட்டிருந்தாள். நடுவில் ஒரு தாள் குறைந்தால் எண்ணிப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே என்று, அதே அளவில் ஒரு கூந்தல் தைல விளம்பரத்தை அந்த இடத்தில் செருகினேன். அதன் பிறகு மறந்தே போனேன்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கம், கீழ உத்தர வீதி. என் மாமியார் பேச்சுவாக்கில் "அந்தக் கனகவல்லி கதையை நான் முழுசாக் கேக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டாளாம். அம்மா உடனே, அரக்குக் கலர் காலிகோத் துணி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்த அந்தப் புத்தகத்தைச் சீர்த் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள். நானே அட்டை போட்டுத் தைத்த மின்மார்பன் என் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் வந்து சேர்ந்தான்.

வந்த முதல் வாரமே மாமியார் சட்டம் சொல்லிவிட்டாள். "நம்மாத்துல பொம்மைப் புஸ்தகம், சினிமாப் புஸ்தகம் எதுவும் நுழையப்படாது. கண்ணுல பட்டா வெந்நீர் அடுப்புக்குத்தான்." நான் தலையை ஆட்டினேன். அந்த வீட்டில் மாமியாரின் பாத்திரம், மாமியாரின் ஊறுகாய் ஜாடி, மாமியாரின் பிள்ளை என்று எல்லாமே அவளுடையதாக இருந்தது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெட்டிக்குள் இருந்த மின்மார்பன் ஒருவன்தான். அவன் அடுப்புக்குப் போனால் பொன்மலையில் இருந்த நானும் கூடவே போய்விடுவேன் என்று எனக்குத் தோன்றியது. இப்போது கேட்டால் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஏகாதசி மத்தியானங்களில் அக்கம்பக்கத்து மாமிகள் எங்கள் கூடத்தில் கூடுவார்கள். பட்டினி தெரியாமல் இருக்க யாராவது ஒரு கதை படிக்க வேண்டும். அந்த ஏகாதசியில் மாமியார் பெருமையாக, "எங்காத்து மாட்டுப்பொண் வேதா எஸ்.எஸ்.எல்.சி.! அவளே படிக்கப்போறா" என்று அறிவித்தாள். கூடம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் எதிர்வீட்டுச் செங்கமலம் மாமி. அந்த வீதியிலேயே கண் நன்றாகத் தெரிகிறவளும், குற்றம் கண்டுபிடிப்பதில் சலிக்காதவளும் அவள்தான்.

நான் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். (பொன்மலைப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினவளாக்கும்.) வெள்ளம் வந்தது. பரிசல் சுழன்றது. மாமிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, 'ரங்கா!' என்று கதறினாள் கனகவல்லி" என்று படித்து, ஒரு நொடி நிறுத்தி, கம்பீரமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.

இடுப்புக்குக் கீழே கூந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காணாமல் போன தாள் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நாலு அடி தள்ளி, அறைக்குள், பெட்டியில். அதை எடுத்து வந்தால் மின்மார்பனும் சேர்ந்து வருவான். பிறகு வெந்நீர் அடுப்பு.

"ஏன்டி நிறுத்திட்டே? பெருமாள் வந்தாரோ இல்லியோ?" என்றாள் மாமியார்.

அம்மா இந்த இடத்தைப் படித்து அழுதாளே தவிர, என்ன நடந்தது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தாளின் அந்தப் பக்கம்தான். சரி, வெள்ளம் வெள்ளம்தானே? கூந்தல்காரியையே உற்றுப் பார்த்துக்கொண்டு "படிக்க" ஆரம்பித்தேன்.

"அக்கணமே ஆகாயம் இரண்டாகப் பிளந்தது! கண்ணைப் பறிக்கும் வெள்ளிக் கவசம் தரித்த ஒரு திவ்ய புருஷன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கினான். அவன் திருமார்பிலே வட்டமாக ஒரு ஜோதி!"

"கௌஸ்துபம்!" என்று மாமியார் எழுந்தே விட்டாள். "கேட்டேளா? மார்பிலே கௌஸ்துபம்! பெருமாளே வந்துட்டார்!"

மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் பரிசலைக் கரையில் சேர்த்துவிட்டு மங்களம் பாடியிருப்பாள். எனக்கோ சண்டையை விட மனசில்லை. நிசாசரனையும் கொண்டுவந்தேன். பெயர் அசுரன் பெயராகவே இருந்ததால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவன் வெள்ளத்தை மலை உயரத்துக்கு எழுப்பினான். திவ்ய புருஷன் ஒற்றைக் கையால் பரிசலைத் தூக்கினான். "மணிக்கு ஆறாயிரம் மைல் வேகத்தில்..." என்றேன்.

"மைலா?" என்றாள் செங்கமலம் மாமி.

"யோஜனை" என்றேன் உடனே. "ஆறாயிரம் யோஜனை வேகத்தில் பறந்து, நிசாசரனை நேருக்கு நேர் பார்த்து, மார்பில் இருந்த பட்டனை அழுத்தினான்!"

கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன.

"என்னத்தை அழுத்தினார்?" என்றாள் மாமியார் மெதுவாக.

"பட்டன்..."

"பெருமாள் பட்டன் அழுத்துவாரோ?" என்று செங்கமலம் மாமி எழுந்து வந்து என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடி ஆண்டாளே! இதுல ஒருத்தி தலையை விரிச்சுப் போட்டுண்டு நிக்கறாள்! தைலம் தடவிக்கச் சொல்றாள்! இதைப் பாத்துண்டா இவ்வளவு நாழி பெருமாளைச் சேவிக்க வெச்சே?"

அந்த நிமிஷம் கூடத்துத் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தரைக்கு நன்றி சொல்லியிருப்பேன். அழுத மாமிகள் எல்லோரும் அழுததற்காக என்மேல் கோபப்பட்டார்கள்.

"அந்த ஏடு எங்கடி?" என்றாள் மாமியார். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

போய் எடுத்து வந்தேன். வேறு என்ன செய்வது? புடவைக்கு அடியிலிருந்து மின்மார்பனை உருவி, அந்தத் தாள் இருந்த இடத்தைப் பிரித்துச் செங்கமலம் மாமியிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உண்மையான முடிவைப் படித்தாள்.

"அன்று மாலையே மழை நின்றது. எம்பெருமான் ரங்கன் கருணையால் வெள்ளமும் வடிந்தது. கனகவல்லி கரை சேர்ந்தாள். ஆகவே நாமும் பொறுமையைக் கடைப்பிடிக்க வேண்டும்."

மாமிகள் காத்திருந்தார்கள். செங்கமலம் மாமி காகிதத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஒரு மாமி.

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

"வடிஞ்சுடுத்தா? தானாவா?" என்றாள் இன்னொருத்தி. "இவ சொன்னது நன்னாயிருந்துதே."

இதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பியது. செங்கமலம் மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. தாளைத் திருப்பிப் படத்தைப் பார்த்தவள், "இதான் அந்த திவ்ய புருஷன்! சட்டைக்கு மேலே நிஜாரைப் போட்டுண்டிருக்கான்! பெருமாள் ஏட்டை மட்டும் கிழிச்சு எடுத்துண்டு, மிச்சத்தை அடுப்பில போடுங்கோ" என்று சொல்லி, நிஜமாகவே தாளைக் கிழிப்பதற்குக் கையை வைத்தாள்.

"மாட்டேன்!" என்று கத்தினேன்.

கத்தினது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வந்து நான் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "இது என்னோடது. பொறந்தாத்துலேர்ந்து நான் ஆசைப்பட்டு எடுத்துண்டு வந்தது இது ஒண்ணுதான். அடுப்புல போடறதுன்னா எப்படிப் போடுவேள்? பின்பக்கம் பெருமாள் பேர் இருக்கு. ரங்கன் பேர் எழுதின காகிதத்தை எரிக்கலாமா? கிழிக்கலாமா? ஸ்ரீரங்கத்துல இருந்துண்டு?"

பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பலமான வாதம் என்று எனக்கே புரிந்தது. எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் இரண்டு கையையும் நீட்டினாள். தயங்கித் தயங்கிக் கொடுத்தேன். அவள் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போய், பெருமாள் இருக்கும் அலமாரியில், பிரபந்தத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"ரங்கன் பேர் இருக்கறது எங்கே இருக்கணுமோ அங்கே இருக்கட்டும்" என்றாள். "குளிக்காம யாரும் தொடப்படாது."

என் கணவர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்து, சங்கதியைக் கேட்டு, கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏகாதசிப் பலகாரமான அவல் உப்புமா அன்று அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஜெயித்தேனா, தோற்றேனா? மின்மார்பன் பிழைத்தான். ஆனால் அவனைப் படிக்க வேண்டுமென்றால் தலைக்குக் குளித்து, மடிப் புடவை கட்டிக்கொண்டு, பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் படிக்க முடியும். மார்கழியில்கூடப் படித்திருக்கிறேன். பொம்மைக் கதைக்காக இவ்வளவு குளிர் தாங்கினவள் இந்த ராஜ்ஜியத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் அடுக்களையில் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே, எங்கேயோ பார்த்தபடி கேட்டாள்.

"பட்டனை அழுத்தினானே, அப்புறம் அந்த அசுரன் என்ன ஆனான்?"

அன்றைக்கு ஆரம்பித்தது. சமையல் ஆன பிறகு நான் படிப்பேன், அவள் கேட்பாள். கண் தெரியாததால் ஒவ்வொரு கட்டத்துக்கும் "படத்துல என்ன இருக்கு, சொல்லு" என்பாள். நான் சொல்வேன். மின்மார்பனின் தோள், நவபுரியின் மாடங்கள், மோகனா தலையில் இருக்கிற மல்லிகை.

"பொம்மனாட்டியா ஓட்டறா? அவ ஆம்படையான் ஒண்ணும் சொல்லலியா?"

"அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைம்மா."

"அதான் ஓட்டறா" என்றாள் மாமியார், வாழைப்பூவைப் பார்த்துக்கொண்டு.

அந்த வீட்டில் எனக்கு இனிமேல் பயமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. மின்மார்பன் கதை கேட்பதை வெளியில் மட்டும் மாமியார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. செங்கமலம் மாமி கேட்டால், "ஏதோ, பெருமாள் ஏட்டைப் படிக்கச் சொல்லிக் கேக்கறேன்" என்பாள். (ஒரே தாளை அத்தனை வருஷமாகவா என்று அந்த மாமியும் கேட்கவில்லை. அவளே பாதி நாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.)

சில வருஷம் கழித்து மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்றதும், குளித்துவிட்டு வந்து நேராக அந்தப் புத்தகத்தை எடுத்தாள். அவள் மின்மார்பனைப் பார்க்கட்டும் என்று நான் பெருமையோடு காத்துக்கொண்டு நின்றேன். நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவனில்லைடி. நீ சொன்னவன் இவனில்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவனேதான்!" என்று சண்டை போட்டேன். "நீ சொன்னவன் எவ்வளவு அழகா இருந்தான்! இவனுக்குத் தொந்தி இருக்கு" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு நான் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பாள்.

போன மாசியில் புதுக் கண்ணோடு நானும் எடுத்துப் பார்த்தேன். மாமியார் சொன்னது சரிதான். தொந்தி இருக்கிறது. ஒரு கட்டத்தில் இடது கையில் ஆறு விரல் இருக்கிறது. மோகனாவின் ராக்கெட் பொன்மலைப் பட்டறை பாய்லரைப் பார்த்து வரைந்ததுபோல் இருக்கிறது. இரண்டாயிரம் வந்து போய் இத்தனை வருஷமாகியும் உத்தர வீதி நகரவில்லை. சமையல் என்னவோ நான்தான் செய்துகொண்டிருந்தேன். அதனால் என்ன? நான் வரி விடாமல் படித்தேன், முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். தொந்தியோடு பறக்க முடியாது என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "பெருமாள் பட்டன் அழுத்துவாரோ?" என்று ஒரு குரல் வரும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் அடுக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே மின்மார்பனை வைத்து, சந்தனம் இடுவது நான்தான். இந்த வருஷமும் அட்டையில் அவன் மார்பு வட்டத்தின் நடுவிலேயே பெரிய பொட்டாக வைத்தேன்.

டாக்டரிடம் பிரபந்தம் என்று பொய் சொன்ன அதே பிள்ளை, பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"அம்மா, பார்த்து. அழுத்தாதே. பறந்துடப் போறான்."

"பறந்தா என்னையும் அழைச்சுண்டு போவான்" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தேன்.